ஆங்கில மொழி வகைகளும் ஆசிரியர் மனப்பாங்கும்: பாளையங்கோட்டைக் கல்விச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலம் ஒற்றை வடிவம் உடைய மொழி அன்று. பிரித்தானிய ஆங்கிலம், அமெரிக்க ஆங்கிலம், இந்திய ஆங்கிலம், இலங்கை ஆங்கிலம், சிங்கப்பூர் ஆங்கிலம் எனப் பல வகைகளாக அது வழங்குகிறது. இவ்வகைகளுள் எதனை நெறியாகக் கொண்டு வகுப்பறையில் கற்பிப்பது, எதனைப் பிழையெனத் திருத்துவது என்பதை ஆசிரியரின் மனப்பாங்கே பெரிதும் முடிவு செய்கிறது. ஆங்கிலக் கல்வியில் நீண்ட மரபுடைய பாளையங்கோட்டையைக் களமாகக் கொண்டு, இம்மனப்பாங்கு உருவான வரலாற்றையும், அதன் கோட்பாட்டுப் பின்னணியையும், தமிழ் பேசும் மாணவரின் ஆங்கிலத்தில் அது தொடும் இடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. பிழை, வகைக்கூறு, விளங்கும் தன்மையைக் குலைக்கும் கூறு ஆகிய மூன்றையும் பிரித்தறிவதே ஆசிரியருக்கு முதன்மையான தேவை என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: ஆங்கில வகைகள், ஆசிரியர் மனப்பாங்கு, இந்திய ஆங்கிலம், உச்சரிப்பு நெறி, விளங்கும் தன்மை, திசைச்சொல், பாளையங்கோட்டை.

முன்னுரை

தாமிரபரணிக் கரையில் அமைந்த இரட்டை நகரங்களுள் ஒன்றான பாளையங்கோட்டை, ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு’ என்று அழைக்கப்படுகிறது. பள்ளிகளும் கல்லூரிகளும் செறிந்திருப்பதைப் பாராட்டும் பெயராக இது வழங்கி வருகிறது. எனினும் ஒரு தமிழ் ஊரின் கல்விச் சிறப்பை அளப்பதற்கு இங்கிலாந்தின் ஊர் ஒன்றே அளவுகோலாகக் கொள்ளப்பட்டிருப்பது கருதத்தக்கது. மொழி கற்பித்தலிலும் இவ்வளவுகோல் தொடர்கிறதா என்னும் வினா இவ்விடத்தில் எழுகிறது.

இந்தியாவில் ஆங்கிலம் இரண்டாம் மொழியாகக் கருதப்படுகிறது. நீதிமன்றம், உயர்கல்வி, ஆட்சி, வணிகம் ஆகியவற்றில் அது வழங்குகிறது. ஆனால் திருநெல்வேலி மாவட்டத்தின் சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவருக்கு வீட்டிலோ தெருவிலோ ஆங்கிலம் செவிப்படும் வாய்ப்பு அரிது. அவரைப் பொறுத்தவரை அது நடைமுறையில் அயல்மொழியே. அதனைக் கேட்கும் இடமும் பேசிப் பார்க்கும் இடமும் வகுப்பறைதான். ஆகவே எந்த ஆங்கிலம் ‘சரியான’ ஆங்கிலம் என்று ஆசிரியர் கருதுகிறாரோ அதுவே அம்மாணவருக்கு ஆங்கிலம் ஆகிவிடுகிறது. ஆசிரியரின் மனப்பாங்கு ஆய்வுக்குரியதாக ஆவது இதனாலேயே.

மனப்பாங்கு: பொருள் விளக்கம்

சமூக உளவியலார் மனப்பாங்கினை மூன்று கூறுகளாகப் பகுப்பர். ஒன்றைப் பற்றிய அறிவும் நம்பிக்கையும் முதற்கூறு. அதன்மேல் கொள்ளும் விருப்பு வெறுப்பு இரண்டாம் கூறு. அதனை நோக்கிய நடத்தை மூன்றாம் கூறு. இம்மூன்றும் எப்போதும் ஒத்துச் செல்வதில்லை. ‘எல்லா வகைகளும் சமமே’ என்று அறிவால் ஏற்கும் ஆசிரியர், விடைத்தாளைத் திருத்தும்போதோ வாய்மொழித் தேர்வில் மதிப்பெண் வழங்கும்போதோ வேறுவிதமாக நடந்துகொள்ளக்கூடும்.

மொழி மனப்பாங்கினை அளக்கும் முறைகளுள் முன்னோடியானது 1960இல் வாலஸ் லாம்பர்ட்டும் உடனாய்வாளரும் கனடாவின் மான்ட்ரியால் நகரில் மேற்கொண்ட ஆய்வாகும். இருமொழியாளர் ஒருவரையே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசவைத்துப் பதிவு செய்து, இருவேறு மனிதர் பேசுவதாகக் கேட்போரை எண்ணச் செய்து, பேசியவரின் பண்புகளை மதிப்பிடச் சொன்னார்கள். ஒரே மனிதர் ஆங்கிலத்தில் பேசியபோது கூடுதலாகவும் பிரெஞ்சில் பேசியபோது குறைவாகவும் மதிப்பிடப்பட்டார். பிரெஞ்சு மொழியினரான மாணவரும் தம் மொழிப் பேச்சையே தாழ்வாக மதிப்பிட்டனர் என்பது இவ்வாய்வின் முதன்மையான முடிவு. குரலைக் கேட்டு ஆளை எடைபோடும் இவ்வியல்பு கேட்போர் அறியாமலே செயல்படுகிறது. தம் மொழியைத் தாமே தாழ்த்தும் நிலையையும் அது உண்டாக்குகிறது.

பாளையங்கோட்டையின் ஆங்கிலக் கல்வி மரபு

திருச்சபைத் தொண்டர் சங்கத்தைச் சார்ந்த இரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து பள்ளிகளை நிறுவும் பணியில் ஈடுபட்டார். அவருக்குப் பின் வந்த சீர்திருத்தத் திருச்சபை மிஷனரிமாரின் உழைப்பால் 19ஆம் நூற்றாண்டில் ஆண்களுக்கும் பெண்களுக்குமான கல்வி நிறுவனங்கள் இங்குப் பெருகின. தூய யோவான் கல்லூரியும் சாராள் தக்கர் கல்லூரியும் அம்மரபில் வந்தவை. 1923இல் இயேசு சபையினரால் தூய சவேரியார் கல்லூரி நிறுவப்பட்டது. 1990இல் தோற்றுவிக்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இப்பகுதிக் கல்லூரிகளைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது.

இம்மரபின் தொடக்கக் கட்டத்தில் ஆங்கிலத்தைக் கற்பித்தவர்களுள் ஐரோப்பியரும் இருந்தனர். அவர்களுடைய உச்சரிப்பும் நடையும் நேரடி முன்மாதிரிகளாக அமைந்தன. அவர்களிடம் பயின்றோர் ஆசிரியராகி அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தபோது, இடம்பெயர்ந்து வந்த நெறி உள்ளூர் ஒலிப்புடன் கலந்தது. இவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் கைம்மாறிய ஆங்கிலமே இன்று வகுப்பறையில் ஒலிக்கிறது. ஆசிரியர் கற்பிப்பதாகக் கருதும் ஆங்கிலத்திற்கும் அவர் உண்மையில் பேசும் ஆங்கிலத்திற்கும் இடையே உள்ள தொலைவு இவ்வரலாற்றின் விளைவாகும்.

விடுதலைக்குப் பின் 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆசிரியர்களுக்கான அதன் பயிற்சிகளில் ‘ஆர்.பி.’ எனப்படும் இங்கிலாந்துக் கற்றோர் உச்சரிப்பு முன்மாதிரியாக விளங்கியது. எனினும் அந்நிறுவனத்தினுள்ளேயே மாற்றுச் சிந்தனையும் தோன்றியது. ஆர். கே. பன்சால் 1969இல் வெளியிட்ட ஆய்வு, இந்திய ஆங்கிலம் கேட்போருக்கு எந்த அளவு விளங்குகிறது என்பதை ஆராய்ந்தது. இந்தியருக்குரிய பொது உச்சரிப்பு ஒன்றை விவரிக்கும் முயற்சியும் அங்கே நடைபெற்றது. ஆயினும் கல்லூரிகளின் ஒலியியல் பாடம் பெரும்பாலும் ஆர்.பி.யையே சார்ந்து நின்றது. ஆர்.பி.யின் உயிரொலிகளைக் குறியீட்டால் எழுதித் தேர்ச்சி பெறும் மாணவர், அவ்வொலிகளை ஒருமுறையும் தம் நாவால் ஒலிக்காமலே பட்டம் பெற்றுவிட இயலும்.

கோட்பாட்டு விவாதம்

எந்த வகையை முன்மாதிரியாகக் கொள்வது என்னும் விவாதம் 60 ஆண்டுகளாகத் தொடர்கிறது. ஹாலிடே, மெக்கின்டாஷ், ஸ்ட்ரெவன்ஸ் ஆகிய மூவர் 1964இல் வெளியிட்ட நூலில், ஆங்கிலம் பரவிய நாடுகளில் கற்றோர் பேசும் உள்ளூர் வகையைக் கற்பித்தலுக்கு ஏற்கலாம் என்றனர். அமெரிக்கரான கிளிஃபோர்டு பிரேட்டர் 1968இல் இதனைப் ‘பிரித்தானியச் சமய மறுப்பு’ எனச் சாடினார். காஷ்மீரைச் சேர்ந்த மொழியியலாளர் பிரஜ் கச்ரு 1976இல் பிரேட்டருக்கு மறுப்புரைத்தார். பின்னர் 1985இல் ஆங்கில வழக்கை உள்வட்டம், வெளிவட்டம், விரிவட்டம் என மூன்றாகப் பகுத்தார். பிரிட்டன், அமெரிக்கா முதலியன உள்வட்டம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் முதலியன வெளிவட்டம். சீனா, ஜப்பான் முதலியன விரிவட்டம். வெளிவட்ட நாடுகள் தமக்குரிய நெறிகளைத் தாமே உருவாக்கி வருவன என்பது அவர் கொள்கை.

ராண்டால்ஃப் குவர்க் 1990இல் இதற்கு எதிர்வாதம் வைத்தார். உள்ளூர் வகையைக் கற்பிப்பது மாணவரின் உலகளாவிய வாய்ப்புகளைக் குறைத்துவிடும் என்பது அவர் அச்சம். கச்ரு 1991இல் இதற்கு விடையளித்தார். இவ்விவாதத்தில் இரு தரப்பினரும் மாணவர் நலனையே முன்வைத்தனர். எனவே பிரித்தானிய நெறியை வலியுறுத்தும் ஆசிரியரைக் காலனிய மனத்தவர் என்று ஒதுக்குவதும், இந்திய ஆங்கிலத்தை ஏற்பவரைத் தரம் தாழ்த்துபவர் என்று பழிப்பதும் விவாதத்தின் உட்பொருளை அறியாமையால் நேர்வன.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் கச்ரு 1970களில் திரட்டிய தரவுகள் இங்கு நினைக்கத்தக்கவை. எந்த வகையை விரும்புகிறீர்கள் என்ற வினாவிற்கு மாணவரிலும் ஆசிரியரிலும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பிரித்தானிய ஆங்கிலத்தை முதல் விருப்பமாகக் கூறினர். தாம் பேசுவது எவ்வகை என்ற வினாவிற்கோ மாணவருள் பாதிக்கு மேற்பட்டோர் இந்திய ஆங்கிலம் என்றனர். விரும்புவது ஒன்று, பேசுவது மற்றொன்று என்னும் இப்பிளவே இந்திய வகுப்பறை மனப்பாங்கின் மையம் எனலாம்.

நைஜீரிய மொழியியலாளர் அயோ பம்போசே 1998இல், புதிய ஆங்கில நெறி ஒன்று நிலைபெறுவதை அளக்கும் ஐந்து காரணிகளைச் சுட்டினார். அதனைப் பேசுவோர் எண்ணிக்கை, பரவியுள்ள நிலப்பரப்பு, அதனை வழங்குவோரின் தகுதி, அகராதி இலக்கணங்களில் பதிவாதல், சமூக ஏற்பு ஆகியன அவை. இந்திய ஆங்கிலத்திற்கு முதல் மூன்றும் ஐயமின்றி உள்ளன. பிந்திய இரண்டிலேயே தயக்கம் நீடிக்கிறது. ஆசிரியரின் மனப்பாங்கு இறுதிக் காரணியுடன் நேரடித் தொடர்புடையது.

தமிழ் மாணவரின் ஆங்கிலம்: பிழையும் வகைக்கூறும்

தமிழ் பேசும் மாணவரின் ஆங்கிலத்தில் காணப்படும் தனிக்கூறுகள் பல, தமிழின் ஒலி அமைப்பிலும் தொடர் அமைப்பிலும் வேர்கொண்டவை.

ஒலிப்பு நிலையில், தமிழில் வல்லின எழுத்துகள் இடத்திற்கேற்ப ஒலிப்பு மாறுகின்றன, எழுத்து மாறுவதில்லை. சொல்லின் முதலில் ஒலிப்பற்றதாகவும் மெல்லினத்தை அடுத்து ஒலிப்புடையதாகவும் அவை ஒலிக்கின்றன. ஆகவே ‘பின்’, ‘bin’ போன்ற இணைகளில் முதலொலியை வேறுபடுத்துவதில் மாணவர் இடர்ப்படுகின்றனர். எகர ஏகாரங்களுக்கு முன் யகரமும் ஒகர ஓகாரங்களுக்கு முன் வகரமும் பேச்சுத் தமிழில் தோன்றுவதால் ‘எவ்ரி’ என்பது ‘யெவ்ரி’ என்றும் ‘ஓன்லி’ என்பது ‘வோன்லி’ என்றும் ஒலிக்கின்றன. தமிழில் பொருளை வேறுபடுத்தும் அசையழுத்தம் இல்லாமையால் ஆங்கிலச் சொற்களின் அழுத்தம் இடம்மாறுகிறது.

இதே ஆங்கில ஒலியைத் தமிழர் அனைவரும் ஒரே வகையாகக் கேட்பதுமில்லை. ஆங்கில ‘டி’ ஒலியைத் தமிழ்நாட்டினர் வளைநா ஒலியாகக் கொண்டு ‘டொரண்டோ’, ‘இண்டர்நெட்’ என எழுதுகின்றனர். இலங்கைத் தமிழரோ அதனை நுனியண்ண ஒலியாகக் கொண்டு ‘ரொறன்ரோ’, ‘இன்ரர்நெற்’ என எழுதுகின்றனர். றகர இரட்டையின் பழைய ஒலிப்பு யாழ்ப்பாணத் தமிழில் வலுவாக நிலைத்திருப்பது இதற்குக் காரணம். ஒரு மொழியினரின் செவியே இவ்வாறு இரண்டாகக் கேட்கும்போது, உச்சரிப்பு வேறுபாடு கவனக்குறைவால் நேர்வது என்ற கருத்து நிலைபெறாது.

தொடர் நிலையில், அழுத்தப் பொருள் தரும் ‘தான்’ என்னும் இடைச்சொல்லின் இடத்தில் ‘ஓன்லி’ வருகிறது. ‘அங்கேதான் இருக்கிறார்’ என்னும் பொருளில் ‘ஹி இஸ் தேர் ஓன்லி’ என்பர். ‘சும்மா’ என்பதன் பொருளை ‘சிம்ப்ளி’ ஏற்கிறது. ‘அல்லவா’, ‘இல்லையா’ என்பன போல ‘இஸ்ன்ட் இட்’ எல்லா வினைகளுக்கும் பின்னொட்டாகிறது. சொல் நிலையில், ‘ப்ரிபோன்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’, ‘கசின் பிரதர்’ முதலியன இந்தியா முழுவதும் வழங்குகின்றன. முறைப்பெயர்களில் ஆண், பெண் வேறுபாட்டைக் கருதும் சமூகத்திற்குக் ‘கசின்’ என்ற ஒற்றைச் சொல் போதாமையால் ‘கசின் பிரதர்’ தோன்றிற்று.

இவை அனைத்தையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது. மூன்று பிரிவுகளாக இவற்றைக் காணலாம்.

முதலாவது, கற்றல் நிலைப் பிழை. ‘ஹி கோ’ என ஒருமை விகுதியை விடுவது போன்றவை இதில் அடங்கும். 1972இல் லாரி செலிங்கர் ‘இடைமொழி’ என்று பெயரிட்ட கற்போர் நிலைக்குரியவை இவை. கற்றோர் வழக்கில் இவை நிலைபெறவில்லை, திருத்தத்தக்கவை.

இரண்டாவது, வகைக்கூறு. ‘ப்ரிபோன்’ போன்றவற்றை நாளிதழ் ஆசிரியரும் வழக்குரைஞரும் பேராசிரியரும் வழங்குகின்றனர். கற்றோர் வழக்கில் நிலைபெற்ற ஒன்றைப் பிழை எனல் தகாது. இடமறிந்து வழங்கக் கற்பித்தலே தகும். தமிழ்ப் பேச்சிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற ‘ஐயோ’ என்னும் சொல் 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது, விளங்கும் தன்மையைக் குலைக்கும் கூறு. பன்சாலின் ஆய்வு, பிரித்தானியக் கேட்போருக்கு இந்திய ஆங்கிலம் விளங்காமைக்கான காரணங்களுள் சொல்லழுத்தம் இடம்மாறுவதை முதன்மையாகக் காட்டியது. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் வெளியிட்ட நூலில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர் உரையாடும்போது தேவைப்படும் ஒலிக்கூறுகளைத் தொகுத்தார். அதில் சொல்லழுத்தம் இடம்பெறவில்லை. சொல்முதல் வல்லொலிகளின் மூச்சொலி, உயிரின் நீளம், தொடரழுத்தம் ஆகியன இடம்பெற்றன. இரு முடிவுகளும் வேறுபடுவதற்குக் கேட்போர் வேறுபடுவது ஒரு காரணம் எனலாம். ஆகவே ‘சரியான உச்சரிப்பு எது’ என்னும் வினாவிற்கு முன், ‘யாரிடம் பேசுவதற்கு’ என்னும் வினாவை ஆசிரியர் எழுப்பவேண்டியுள்ளது.

தமிழ் மரபு தரும் தெளிவு

மொழி வகை பற்றிய சிந்தனை தமிழாசிரியருக்கோ தமிழ் மாணவருக்கோ புதிதன்று. தொல்காப்பியம் எச்சவியலில் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுக்கிறது. வட்டாரத்திற்குரிய சொல்லைப் பிழையென விலக்காது, திசைச்சொல் எனப் பெயரிட்டுச் செய்யுளுக்குள் இடமளித்த இலக்கணம் அது.

நெல்லைத் தமிழின் வரலாறும் இதற்குத் துணைநிற்கிறது. ‘அண்ணாச்சி’, ‘இங்ஙன’, ‘அவிய’, ‘வாரியளா’ போன்ற வழக்குகள் வகுப்பறையில் ஏற்கப்படாதவை. ஆயினும் புதுமைப்பித்தன் முதல் வண்ணநிலவன், வண்ணதாசன் வரையான படைப்பாளர் நெல்லைப் பேச்சை இலக்கியமாக்கினர். இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குச் சொற்களைத் திரட்டி அகராதியாக்கினார். பம்போசே கூறும் பதிவாதலும் சமூக ஏற்பும் ஒரு வட்டார வழக்கிற்கு எவ்வாறு கிட்டின என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. இன்று அதே வழக்கிலான கதைகள் பல்கலைக்கழகப் பாடங்களாக உள்ளன. அதனால் எழுத்துத் தமிழ் கெட்டுவிடவில்லை. தேர்வில் எழுத்துத் தமிழும் கதையில் நெல்லைத் தமிழும் தத்தம் இடத்தில் நிற்கின்றன.

வீட்டில் ஒரு தமிழையும் ஏட்டில் ஒரு தமிழையும் இடமறிந்து வழங்கும் மாணவருக்கு ஆங்கிலத்திலும் இடமறிந்து வகையைத் தேர்ந்துகொள்வது இயலாததன்று. தமிழில் உள்ள இவ்விரட்டை வழக்கறிவை ஆங்கில வகுப்பு பயன்படுத்திக்கொள்ளலாம்.

வகுப்பறை நிலை

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களின் சொற்பயிற்சியில் பிரித்தானியச் சொல்லுக்கு இணையான அமெரிக்கச் சொல்லை எழுதும் பயிற்சி இடம்பெறுகிறது. ‘லிஃப்ட்’ என்பதற்கு ‘எலிவேட்டர்’, ‘ஃப்ளாட்’ என்பதற்கு ‘அபார்ட்மென்ட்’ எனும் வகையில் அது அமையும். ஆங்கிலம் ஒன்றல்ல என்பதை மாணவர் உணர இது வாய்ப்பளிக்கிறது. ஆனால் வகைகள் இரண்டே என்ற எண்ணமும் இதனால் உண்டாகிறது. இந்திய ஆங்கிலச் சொல்லுக்கு மூன்றாம் நிரல் ஒன்று அமைந்தால், தாம் அன்றாடம் கேட்பது எது என்பதை மாணவர் இனங்காண இயலும்.

வேலைவாய்ப்பு நோக்கிய பயிற்சிகளில் அமெரிக்க ஒலிப்பும், கல்லூரி ஒலியியல் பாடத்தில் பிரித்தானிய ஒலிப்பும், ஆசிரியரின் இயல்பான பேச்சில் இந்திய ஒலிப்பும் மாணவரை ஒருங்கே வந்தடைகின்றன. இவற்றுள் எதைப் பின்பற்றுவது என்ற தெளிவின்மை பேச்சைத் தடுக்கிறது. வாய் திறந்தால் பிழை வரும் என்ற அச்சத்தால் இலக்கணம் நன்கறிந்த மாணவரும் நேர்காணல்களில் மௌனம் காக்கின்றனர். தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து வருவோரிடத்து இது மிகுதி. உச்சரிப்பை வைத்து ஊரையும் பள்ளியையும் குடும்பப் பின்னணியையும் கணித்துவிடும் வகுப்பறையில், திருத்தம் என்பது மொழித் திருத்தமாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட நூல், தமிழ் மாணவர் ஆங்கிலத்தை முற்றாக ஏற்பதுமின்றி முற்றாக மறுப்பதுமின்றித் தமக்கேற்ப வளைத்துக்கொள்வதை விளக்குகிறது. சிங்கப்பூர் 2000இல் ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ இயக்கத்தைத் தொடங்கியது. அதன்பின்னும் உள்ளூர் ஆங்கிலம் அங்கு வழக்கொழியவில்லை. அறிவுறுத்தலால் மட்டும் ஒரு வகையை நீக்கிவிட இயலாது என்பதற்கு இது சான்று. ஐரோப்பிய மொழித்திறன் சட்டகமும் 2018இல் தன் உச்சரிப்பு அளவீட்டைத் திருத்தியது. தாய்மொழியாளர் போல ஒலிப்பதை இலக்காகக் கொள்ளாமல் விளங்கும் தன்மையையே முதன்மைப்படுத்தியது.

இவற்றின் அடிப்படையில் ஆசிரியர் கடைப்பிடிக்கத்தக்கவை சிலவற்றைச் சுட்டலாம்.

1. எழுத்தில் பொதுத்தர ஆங்கிலத்தைப் பேணுதல். பிரித்தானிய எழுத்துக்கூட்டல், அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டில் எதை மேற்கொண்டாலும் ஒரே கட்டுரைக்குள் கலக்காமை போதும்.

2. பேச்சுத் தேர்வில் விளங்கும் தன்மைக்கும் கருத்துத் தொடர்ச்சிக்கும் முதன்மை மதிப்பெண் அளித்தல்.

3. வகைக்கூறுகளைச் சிவப்பு மையால் அடிக்காது, ‘இது இந்தியாவில் வழங்குவது, பிற நாட்டினருக்கு எழுதும்போது இவ்வாறு எழுதுக’ எனக் குறிப்பிடுதல்.

4. கேட்டல் பயிற்சியில் பிரித்தானிய, அமெரிக்க, ஆப்பிரிக்க, தென்கிழக்காசிய, இந்தியக் குரல்கள் அனைத்தையும் இடம்பெறச் செய்தல். பேச ஒரு வகை போதும். கேட்கப் பல வகைகள் வேண்டும்.

5. கல்வியியல் கல்லூரிகளின் ஆசிரியர் பயிற்சியில் மொழி மனப்பாங்கு குறித்த அலகு ஒன்றைச் சேர்த்தல்.

முடிவுரை

குவர்க்கின் அச்சம் முற்றும் புறந்தள்ளத்தக்கதன்று. ஆங்கிலம் வழியாக மேல்நிலை அடைய விழையும் பெற்றோரின் எதிர்பார்ப்பும் மாணவரின் தேவையும் உண்மையானவை. பொதுத்தர ஆங்கிலத்தை மறுப்பது அவ்வாய்ப்பை மறுப்பதாகும். அதே வேளை, கற்றோர் வழக்கில் நிலைபெற்ற இந்திய ஆங்கிலக் கூறுகளைப் பிழையென்று தள்ளும்போது, பேச முற்படும் மாணவர் பேசாமலே ஒதுங்குகிறார். பேசாதவருக்கு எந்த நெறியும் பயன்படாது.

பாளையங்கோட்டை போன்ற கல்வி நகரில் ஆங்கிலத்தின் நெறியைத் தீர்மானிப்போர் நாள்தோறும் வகுப்பெடுக்கும் ஆசிரியரே. தாம் விரும்பும் ஆங்கிலத்திற்கும் தாம் பேசும் ஆங்கிலத்திற்கும் இடையிலான தொலைவை அவர்கள் உணர்தல் முதற்படி. பிழை எது, வகைக்கூறு எது, விளங்காமை விளைப்பது எது எனப் பகுத்தறிதல் அடுத்த படி. இவ்விரண்டும் கைகூடுமாயின், திசைச்சொல்லுக்கு இடமளித்த மொழியைத் தாய்மொழியாக உடைய மாணவர் ஆங்கிலத்திலும் தயக்கமின்றித் தம் கருத்தை எடுத்துரைப்பர்.